திரும்பிப் பாராமல் அருவியை எண்ணுதல்

நான் சரிபார்த்துக்கொண்டவற்றை மட்டுமே இங்கே எழுதுகிறேன். இது தொழிலால் வந்த பழக்கம். கணக்குப் புதிர் எழுதுபவளுக்குத் தரவுகளே தரை. தொட்டியில் இரண்டு குழாய்கள் என்று தொடங்கிவிட்டு, மூன்றாவது குழாய் ஒன்று இருந்ததை மறந்துவிட்டால், அதன்பின் வரும் வரிகள் எவ்வளவு அழகாக அமைந்தாலும் பயனில்லை. நினைவு இதைவிட மோசமானது. இல்லாத குழாயையும் அது திறந்துவிடும்.

இக்கட்டுரையின் முதல் வடிவத்தில், குற்றாலம் ஐந்தருவியில் நானும் என் தோழியும் கடைசியாகச் சேர்ந்திருந்த சனிக்கிழமை மாலையில் சாரல் பெய்தது என்று எழுதியிருந்தேன். பிறகு அன்று எடுத்த படத்தைக் கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். தரை உலர்ந்திருந்தது. தோழியின் குடை மடக்கிய நிலையில் அவள் கக்கத்தில் இருந்தது. சாரலை அடித்துவிட்டேன். அடித்தபின் அந்த மாலை சற்று வெறிச்சோடித்தான் போயிற்று. ஆயினும் நடந்த மாலை அதுதான்.

தோழி செங்கோட்டைக்காரி. நான் பணியாற்றும் தென்காசிப் பள்ளியிலேயே கணக்கு ஆசிரியையாக இருந்தவள். மாணவர் முன்னிலையில் ஒருவரையொருவர் 'டீச்சர்' என்று அழைப்போம். பள்ளி வாயிலைத் தாண்டியதும் 'ஏட்டி' ஆகிவிடும். சனிக்கிழமை முற்பகல்களில், கணிதப் போட்டி எழுத விரும்பும் பிள்ளைகளுக்கு இருவரும் சேர்ந்து வகுப்பு நடத்தினோம். தென்காசிப் பிள்ளைகளோடு பாவூர்சத்திரம், வீரகேரளம்புதூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் பேருந்தேறி வருவார்கள். ஆண்டுக்கொரு முறை, சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய போட்டியும் வைப்போம். அதற்கான வினாத்தாள் எங்கள் இருவர் பொறுப்பு.

பாடநூல் கணக்குக்கும் போட்டிக் கணக்குக்கும் உள்ள வேறுபாட்டை முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவேன். பாடநூல் கணக்கு எந்த இயலின் இறுதியில் நிற்கிறதோ, அந்த இயலின் சூத்திரத்தைக் கேட்கிறது. எங்கே தேடுவது என்பது முன்பே தெரிந்துவிடுகிறது. போட்டிக் கணக்குக்கு முகவரி கிடையாது. அதன் முன் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது, ஒன்றும் தோன்றாமல் சிறிது நேரம் இருக்கும் பொறுமை. அந்தப் பொறுமையைக் கற்பிக்க முடியுமா என்று இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் எனக்கு உறுதியில்லை. பிள்ளைகள் அருகில் நாமும் பேசாமல் அமர்ந்திருக்கலாம். அவ்வளவே இயலும்.

புதிர் எழுதுவது வேறொரு துன்பம். எழுதியவள் தான் ஒளித்து வைத்த விடையை மட்டுமே காண்பாள். வேறொரு விடை அதே அறையில் அமர்ந்திருந்தாலும் அவள் கண்ணுக்குப் படாது. ஆகவே எங்களுக்குள் ஒரு வழக்கம் ஏற்பட்டது. ஒருத்தி எழுதிய புதிரை மற்றவள் உடைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது விடை கிடைத்தால் 'உடஞ்சு போச்சு' என்பாள். எவ்வளவு முயன்றும் உடையாவிட்டால் 'நிக்குது' என்பாள். அந்தச் சொல்லைக் கேளாத எந்தப் புதிரும் பிள்ளைகளிடம் போனதில்லை.

அவ்வழக்கத்துக்கு இரண்டு கிளை விதிகளும் இருந்தன. புதிரைக் கொடுத்தவள், 'பார்த்தாயா, என்ன ஆயிற்று?' என்று கேட்கக் கூடாது. மற்றவளின் மௌனம் அவள் வேலை செய்கிறாள் என்பதற்கு அடையாளம். அதைக் கலைப்பது மரியாதையன்று. இரண்டாவது விதி, அவசரத்தில் சொன்ன விடைக்கு மறுமொழி இல்லை என்பது. தவறு என்றுகூடச் சொல்ல மாட்டோம். சொன்னவள் தானே திரும்பி வரும்வரை காத்திருப்போம். இவ்விதிகளை யாரும் எழுதி வைக்கவில்லை. எப்போது தொடங்கின என்பதையும் என்னால் சரிபார்க்க இயலவில்லை.

அவள் உடைக்கும் விதத்துக்கு ஒரு சான்று தருகிறேன். ஒருமுறை இப்படியொரு புதிர் எழுதினேன்: ஆறு பேர் வட்டமாக அமர்ந்திருக்கிறார்கள், ஒவ்வொருவரும் எப்போதும் உண்மையே பேசுபவர், அல்லது எப்போதும் பொய்யே பேசுபவர், ஆறு பேருமே, 'எனக்கு இருபுறமும் இருப்பவர்கள் பொய்யர்கள்' என்கிறார்கள், அப்படியானால் உண்மை பேசுபவர் எத்தனை பேர்? ஒருவர் விட்டு ஒருவராக மூன்று பேர் என்பது என் விடை. குற்றாலத்துக்குப் போகும் பேருந்தில் இதைச் சொன்னேன். அவள் முன் இருக்கையின் கம்பியில் விரல்களை வைத்து எதையோ எண்ணிக்கொண்டு வந்தாள். இறங்கும் இடத்துக்குச் சற்று முன் வாய் திறந்தாள்.

"ஏட்டி, எதிரும் புதிருமா ரெண்டு பேரை மட்டும் யோக்கியனா உக்கார வையி. மிச்ச நாலு பேரும் பொய்யனுவ. ஒவ்வொரு பொய்யன் பக்கத்துலயும் ஒரு யோக்கியன் இருக்கான்லா?"

"இருக்கான்."

"அப்பம் ரெண்டு பக்கமும் பொய்யன்னு அவன் சொல்லுதது பொய்தானே? மூணும் வருது, ரெண்டும் வருது. உடஞ்சு போச்சு."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "இப்பம் என்ன செய்ய?"

"ஒருத்தனை எழுப்பி வீட்டுக்கு அனுப்பு. அஞ்சு பேருன்னா ரெண்டுதான் வரும். வேற வழியே கெடையாது."

"யாரை எழுப்ப?"

"யோக்கியனைத்தான். பொய்யன் எந்திரிப்பானாக்கும்?"

நடத்துநர் வரை சிரித்துவிட்டார். ஐந்து பேரோடு அந்தப் புதிர் இன்றும் என் வகுப்பில் நிற்கிறது.

சென்ற ஆண்டுக் குற்றாலப் பருவம் முடியும் தறுவாயில் அவள் விருப்ப ஓய்வு பெற்றாள். பெங்களூருவில் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. உடனிருந்து பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. புறப்படுவதற்கு முந்தைய சனிக்கிழமை, வகுப்பு முடிந்தபின் ஐந்தருவிக்குப் போனோம். இருவரும் குளிக்கவில்லை. அருவியின் எதிரே சிறிது நேரம் நின்றுவிட்டு, பழக்கடைகள் இருக்கும் பக்கமாக நடந்துவந்து, ஒரு தேநீர்க் கடையின் பலகையில் அருவிக்கு முதுகு காட்டி அமர்ந்தோம். எண்ணெய் பூசிய உடம்போடு போகிறவர்களும் ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவர்களுமாக எங்களுக்கு முன்னால் ஒரே நெரிசல்.

பேச்சு நெடுநேரம் வீட்டுச் சாமான்களைப் பற்றியே இருந்தது. இட்லிப் பானையைக் கொண்டுபோவதா, அங்கேயே வாங்கிக்கொள்வதா என்பதில் அவளுக்குத் தீராத குழப்பம். பிறகு அவள் தேநீர்க் குவளையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏட்டி, திரும்பிப் பாக்காம, சத்தத்தை மட்டும் வச்சு, எத்தனை அருவி விழுதுன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது," என்றேன். "காதுக்கு வாரது கூட்டுத்தொகை. கூட்டுத்தொகையை வச்சுக்கிட்டு உள்ள எத்தனை உறுப்பு இருக்குன்னு எப்படிச் சொல்ல?"

"ம்."

அவ்வளவுதான். அவள் தேநீரைக் குடித்து முடித்தாள். கடைக்காரரிடம் என் கைப்பேசியை நீட்டி, "அண்ணாச்சி, எங்க ரெண்டு பேரையும் ஒரு போட்டோ எடுத்துத் தாங்க," என்றாள்.

"அருவி தெரியணுமா, மூஞ்சி தெரியணுமா?"

"ரெண்டும் தெரியட்டும் அண்ணாச்சி. நாங்க என்ன அருவிய மறைக்கவா போறோம்?"

மறைத்துத்தான் இருக்கிறோம். படத்தில் எங்கள் இருவர் தலைகளுக்கும் நடுவில் வெண்மையாகச் சில கோடுகள் தெரிகின்றன. எஞ்சிய பகுதி எங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. படம் எடுத்தபின், திரும்பிப் பாராமலேயே பேருந்து நிற்குமிடத்துக்கு நடந்தோம். வந்தபோது அருவியைப் பார்த்தது உண்மை. எண்ணவில்லை. பெயரிலேயே எண்ணை வைத்துக்கொண்டிருக்கும் அருவியை யார் எண்ணுவார்?

அவள் போனபின் பள்ளி நடந்தது; சனிக்கிழமை வகுப்பும் நடந்தது. ஆசிரியர் அறையில் அவள் நாற்காலியில் வேறொருவர் அமர்ந்தார். நல்லவர், பாடம் நன்றாக நடத்துபவர். ஒருநாள் அவரிடம் ஒரு புதிரைக் கொடுத்தேன். மறுநாள் காலை, "ரொம்ப நல்லாயிருக்கு டீச்சர்," என்று திருப்பிக் கொடுத்தார். எனக்கு நன்றாயிருக்க வேண்டியதில்லை, உடைபட வேண்டியிருந்தது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

பொங்கல் விடுமுறையில் நான் ஒரு புதிரை எழுதி முடித்தேன். இதுவரை எழுதியவற்றுள் சிறந்தது அதுவே என்று எண்ணுகிறேன். ஆகவே அதை நம்பவும் அஞ்சுகிறேன். கைப்பேசி வழியே அவளுக்கு அனுப்பினேன். அவள் பார்த்துவிட்டதற்கு அடையாளமான நீலக் குறிகள் அன்று மாலையே தோன்றின. மறுமொழி வரவில்லை.

வழக்கப்படி நான் கேட்கவில்லை. வாரந்தோறும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். குழந்தைக்குப் பல் முளைத்தது, அவளுடைய முழங்கால் வலி, அங்கே கிடைக்கும் தேங்காயின் சுவையின்மை எல்லாம் பேசினோம். இட்லிப் பானையைக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்பதையும் பலமுறை பேசினோம். புதிரைப் பற்றி அவளும் சொல்லவில்லை. தொடக்கத்தில் அந்த மௌனம் எனக்கு மகிழ்ச்சியளித்தது. இத்தனை நாள் தாங்குகிறதென்றால் புதிர் நல்ல புதிராகத்தான் இருக்க வேண்டும் என்று கருதினேன். மாதங்கள் செல்லச் செல்ல, அது வேலை செய்பவளின் மௌனமா, வேலையை விட்டுவிட்டவளின் மௌனமா என்று ஐயம் எழுந்தது. இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். போட்டிக்கான வினாத்தாளில் கடைசி வினாவுக்குரிய இடத்தை வெறுமையாகவே வைத்திருந்தேன்.

இவ்வாண்டு ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை வகுப்பில் எடைக்கற் கணக்கை எடுத்தேன். ஆண்டுதோறும் எடுப்பதுதான். ஒரு கிலோ, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என ஐந்து எடைக்கற்கள், வகைக்கு ஒன்று வீதம் உள்ளன. அவற்றுள் சிலவற்றை ஒரு சாக்குக்குள் போட்டுக் கட்டிவிட்டேன். தராசு பதின்மூன்று காட்டுகிறது. சாக்கைத் திறக்காமல் உள்ளே எந்தெந்தக் கற்கள் என்று சொல்ல முடியுமா?

பாவூர்சத்திரத்திலிருந்து வரும் மாணவி எழுந்தாள். சந்தைக்கு எதிரே வீடு. "தெறந்து பாத்தா என்ன டீச்சர்?"

"திறக்கக் கூடாது."

"எங்க சந்தையில தெறந்து பாக்காம ஒருத்தரும் வாங்க மாட்டாவ."

"ஏட்டி, நீ வாங்க வேண்டாம், எண்ணிச் சொன்னாப் போதும்," என்றாள் பக்கத்தில் இருந்தவள். வகுப்பு சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் அந்த மாணவியே விடையையும் சொன்னாள். எட்டு, நான்கு, ஒன்று. வேறு எவ்வகையிலும் பதின்மூன்று வராது. ஒவ்வொரு கல்லும் முந்தையதைப்போல் இருமடங்காக இருப்பதால், எந்தக் கூட்டுத்தொகையும் ஒரே ஒரு வழியில்தான் அமையும். ஆகவே கூட்டுத்தொகையை மட்டும் தெரிந்துகொண்டால், உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் மீட்டுவிடலாம். இதைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். 'கூட்டுத்தொகையிலிருந்து உறுப்புகளை' என்பது வரை எழுதிய கை நின்றுவிட்டது.

திறக்காமல். திரும்பிப் பாராமல்.

கூட்டுத்தொகையை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்ல என்று நான் கேட்டிருந்தேன். ஐந்து அருவிகளின் வலிமையும் ஒன்றுக்கொன்று இருமடங்காக இருந்தால், முதுகைக் காட்டி அமர்ந்தபடியே எந்தெந்த அருவி விழுகிறது என்று சொல்லிவிடலாம். ஆண்டுதோறும் நானே பிள்ளைகளுக்குச் சொல்லும் விடை. அதை அவளும் அறிவாள். அந்த வகுப்புகளில் பின்வரிசையில் அமர்ந்திருந்தவள் அவள்தானே. அப்படியானால் அன்று தேநீர்க் கடையில் அவள் கேட்டது ஒரு புதிர். நான் சொன்னது அவசர விடை. அவளுடைய 'ம்' என்பதற்குப் பின் வந்த மௌனம், நான் திரும்பி வரட்டும் என்று அவள் காத்திருந்த மௌனம். நான் 'நிக்குது' என்னும் சொல்லுக்காக இங்கே காத்திருக்கையில், அவள் தன் அருவியின் விடைக்காக அங்கே காத்திருந்தாள். வழக்கப்படி இருவருமே கேட்கவில்லை.

இப்படி எண்ணியபோது எனக்கு உண்டான நிறைவு பெரிது. அது பெரிதாக இருந்ததே அதை ஐயுறுவதற்குக் காரணம் என்பதை வகுப்பு முடிந்ததும் உணர்ந்தேன். நான் விரும்பும் விடை. ஆகவே வேறொரு விடை அதே அறையில் இருந்தாலும் என் கண்ணுக்குப் படாது. ஊரைவிட்டுப் போகிற ஒருத்தி, பின்னால் கேட்ட ஓசையைக் குறித்து ஒரு வார்த்தை சொன்னாள். நான் அதைக் கணக்காக்கிப் பதில் சொன்னேன். அப்படியும் இருக்கலாம். இதை உடைத்துச் சொல்லக்கூடியவள் ஒருத்தியே. எங்கள் வழக்கப்படி அவளிடம் கேட்கக் கூடாது.

அன்று மாலை தனியே ஐந்தருவிக்குப் போனேன். மங்குஸ்தான் வந்திருந்தது, அவளுக்குக் கொஞ்சம் அனுப்ப வேண்டும் என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். பழக்கடையருகில், அருவிக்கு முதுகு காட்டி நின்று, காதைத் தீட்டிக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் பிரியவில்லை. ஒரே இரைச்சல். கைப்பேசியில் அவளை அழைத்தேன்.

"என்னட்டி, இந்நேரத்துல?"

"மங்குஸ்தான் வந்திருக்கு. அனுப்பட்டா?"

"அனுப்பு. இங்கன விக்கான் ஒருத்தன், கல்லு மாதிரி இருக்கு. எங்கன நிக்க நீ?"

"ஐந்தருவியில."

"அதான பாத்தேன். சத்தம் கேக்கு." பிறகு, "எத்தனை விழுது?" என்றாள்.

நான் திரும்பவில்லை.

"ஒவ்வொண்ணும் முந்தினதுக்கு இரட்டியா இருந்தா, திரும்பிப் பாக்காமலே சொல்லிரலாம்," என்றேன்.

மறுமுனை அமைதியாயிற்று. குக்கர் விசிலடித்ததும், ஒரு கிலுகிலுப்பை கீழே விழுந்ததும் கேட்டன. என் பக்கத்து அருவி அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்திருக்கும். அந்த அமைதி எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை நான் அளக்கவில்லை.

"பழத்தை வைக்கோல் வச்சுப் பொதியச் சொல்லு, ஏட்டி," என்றாள். "சும்மா அட்டைப்பெட்டியில போட்டுத் தந்திருவான். வாரதுக்குள்ள பாதி நசுங்கிரும்."

"சரி."

"வைக்கட்டா? பேத்தி முழிச்சுட்டா."

வைத்துவிட்டாள். அதன்பின்தான் திரும்பினேன். நான்கு அருவிகள் விழுந்துகொண்டிருந்தன. ஓரத்திலிருந்த ஒன்றில் நீர் பாறையை நனைத்ததோடு சரி. நான்கையும் நின்று எண்ணினேன், மறுபடியும் எண்ணினேன். அப்போதுதான் உறைத்தது. அவள் எத்தனை விழுகிறது என்று கேட்டிருந்தாள். நான் அதற்கு விடை சொல்லவேயில்லை. ஊரைப் பிரிந்திருப்பவள் அருவியில் நீர் எப்படி என்று விசாரித்திருந்தால், இரண்டாம் முறையும் அவளுக்குக் கணக்கையே கொடுத்திருக்கிறேன்.

பழத்தை வைக்கோல் வைத்துப் பொதியச் சொல்லி வாங்கிக்கொண்டேன். தென்காசிக்குத் திரும்பும் பேருந்தில் ஏறி அமர்ந்ததும், 'நாலு விழுது. கடைசிதுல தண்ணி இல்ல' என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். பேருந்து புறப்படுமுன் நீலக் குறிகள் தோன்றின.

வினாத்தாள் அச்சுக்குப் போய்விட்டது. கடைசி வினாவுக்குரிய இடத்தில், வட்டமாக அமர்ந்திருக்கும் அந்த ஐந்து பேரையே மீண்டும் அமர்த்தினேன். பொங்கலுக்கு எழுதிய புதிரை இங்கும் தரவில்லை. அது இன்னும் சரிபார்க்கப்படவில்லை. பழம் வந்து சேர்ந்ததாகவும், ஒன்றும் நசுங்கவில்லை என்றும் அவள் சொன்னாள். வேறொன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐந்தருவியில் அன்று அவள் கேட்டது புதிரா என்பது எனக்குத் தெரியாது. என் புதிரை அவள் உடைக்க முயல்கிறாளா, கைவிட்டாளா என்பது தெரியாது. நாங்கள் சேர்ந்து முதுகு காட்டி அமர்ந்திருந்த அந்த மாலையில் எத்தனை அருவிகள் விழுந்துகொண்டிருந்தன என்பதும் தெரியாது.